மேல் கூடை காலி

அத்தியாயம் ஆறு

"மீன் கூடை பஸ்ஸுல ஏறக் கூடாதும்மா. எறங்கு, எறங்கு!"

கருக்களாச்சேரி நிறுத்தத்தில் கண்டக்டர் படியை மறித்து நின்றார். கீழே நின்றவள் மாரியம்மாள். இடுப்பில் கூடை. அழுது அழுது கண்ணிரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஆனாலும் வாய் மட்டும் வழக்கம்போலவே இருந்தது.

"மீனு எங்கய்யா இருக்கு? வெறுங்கூடை. நீயே எட்டிப் பாரு. கண்ணுல கோளாறுன்னா கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கூடைக்குள் ஒரு செதில்கூட இல்லை. முணுமுணுத்துக்கொண்டே வழி விட்டார். மாரியம்மாள் ஏறினாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள் செல்லம், நெஞ்சோடு ஒரு செராக்ஸ் கட்டை அணைத்துக்கொண்டு ஏறினாள். அதற்கும் பின்னால் அமுதமும் பீர் மைதீனும்.

அமுதத்தை உங்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் நொத்தேர் என்கிற பத்திரப் பதிவுக்காரர் ஒருவரிடம் பதினெட்டு வருஷம் பத்திரம் நகல் எழுதியவள். பொய் சொல்கிறவன் எந்த வரியில் பேனாவை அழுத்துவான் என்று தெரிந்துபோன பிறகு, அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டாள். உதவிக்கு பீர் மைதீன். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். டி.வி. வந்தபோது அதையும் கற்றுக்கொண்டான். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்துதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

"அக்கா, ஒரு சந்தேகம்" என்றான் மைதீன், மூக்கை உறிஞ்சியபடி. "வெறுங்கூடைக்குக் கானாங்கெளுத்தி வாசம் எங்கேருந்து வருது?"

"நீ மூக்கை மூடிக்கிட்டுக் காதைத் தொற. செல்லம், ஒருதரம் முழுசாச் சொல்லும்மா. அஞ்சு மணி வரைக்குந்தான் நமக்குக் கெடு."

கெடு வைத்தவர் தலத்தெரு முத்தையன். புதிதாகக் கம்ப்யூட்டர் நிலையம் திறந்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளில் உள்ள பெயர்களை எல்லாம் அகர வரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. தாத்தா பெயரைக் காட்டிப் பிரெஞ்சுப் பென்ஷனுக்கும் பிரஜா உரிமைக்கும் எழுதிப் போடுகிற குடும்பங்கள் காரைக்காலில் நிறைய. ஆறு மாதம் உட்கார்ந்து பதினோராயிரம் பெயரைத் தட்டச்சு செய்தவள் செல்லம். திங்கட்கிழமை பட்டியலைக் கொடுக்க வேண்டும். பட்டியல் காணவில்லை. செல்லம்தான் வேறு யாருக்கோ விற்றுவிட்டு அழித்துவிட்டாள் என்று முத்தையன் நம்புகிறார். சனிக்கிழமை, அதாவது இன்று, மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் வராவிட்டால் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

செல்லம் மெதுவாக ஆரம்பித்தாள். "நாவப்பட்டினத்துல கம்ப்யூட்டர் படிச்சப்போ, டிரைவுக்கெல்லாம் ஏ, பி, சி-ன்னு எழுத்து இருக்குமுங்க. ஏ-ன்னா பிளாப்பி போடுற எடம். சி-ன்னா பொட்டிக்குள்ள இருக்கிற டிஸ்க்கு. ஆபீஸ்ல பழைய மெஷினும் அப்படித்தான். அதுலதான் நான் ஆறு மாசமும் அடிச்சேன். அடிச்சது பதினாலு பிளாப்பியில இருந்துச்சு. அதையெல்லாம் புது மெஷினுக்கு மாத்தணும்னாங்க. புது மெஷின்ல எழுத்தே கெடையாதுங்க."

"எழுத்து இல்லேன்னா டிரைவை எப்படிக் கூப்பிடுறது? 'ஏங்க'ன்னா?" என்றான் மைதீன்.

செல்லம் சிரிக்கவில்லை. "மொத நாளு, 'சார், சி டிரைவ் எங்க சார்'னு கேட்டேன். ஆபீஸே சிரிச்சுது."

"ஆபீஸ்ல யார் யாரு?"

"மெஷினைப் பாத்துக்கிற தியாகராசன் சார் ஒருத்தர்தான்."

அமுதம் அந்தப் பதிலை ஒரு நிமிஷம் வாயில் வைத்துச் சுவைத்தாள்.

"அந்த மெஷின்ல எல்லாமே ஒரே மரந்தாங்க. வேருலேருந்து கெளை கெளையாப் பிரியும். பிளாப்பியும் ஒரு கெளை, டிஸ்க்கும் ஒரு கெளை. 'புதுசா மாட்டியிருக்கிற பெரிய டிஸ்க்கு எங்க சார்'னு கேட்டேன். 'பதிவுன்னு ஒரு கெளை இருக்குல்ல, அதான். அதுல கொண்டு போடு'ன்னாரு. புதன்கெழமை காலையில பதினாலையும் போட்டேன். போட்டதும் பேரைக் கேட்டுப் பாத்தேன். பதினாலும் வரிசையா நின்னுச்சு, இந்தக் கண்ணால பாத்தேன். அப்புறந்தான் பிளாப்பியை எல்லாம் தொடைச்சேன்."

"அதை ஏன் தொடைச்சே?"

"மொதலாளி சொன்னாரு. பிளாப்பி கெடைக்கிறது கஷ்டம், தொடைச்சு அடுத்த வேலைக்கு வையின்னாரு. வியாழக்கெழமை காலையில தியாகராசன் சார் வந்தாரு. 'பதிவுல ஒண்ணுமே இல்லியே, என்னத்தப் போட்டே'ன்னு கத்துனாரு. நான் ஓடிப்போய்ப் பாத்தேன். ஒண்ணுமே இல்லைங்க. ஒரு பேருகூட இல்ல."

மாரியம்மாள் மகள் முதுகைத் தடவினாள்.

"எங்க குப்பத்துல எவ எவ கண்ணு பட்டுச்சோ! 'மீன்காரி மவ நாற்காலியில ஒக்காந்து வேலை பாக்குறா'ன்னு எத்தனை பேருக்கு எரிஞ்சுது தெரியுமா? என் நாத்தனாரே நேரா நின்னு ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்ல."

"எரிஞ்சவங்க எல்லாரும் பெயரை அழிக்கத் தெரிஞ்சவங்க இல்லியே" என்றாள் அமுதம். "அந்தக் கட்டு என்னம்மா?"

"அந்த மெஷினுக்கான பொஸ்தகத்தோட செராக்ஸுங்க. தியாகராசன் சார் குடுத்தது. அந்த மெஷின்ல ஓடுறதை எழுதுன ஒவ்வொரு வரியும் ஒளிவுமறைவு இல்லாம அச்சுல இருக்கு. யாரு வேணாலும் படிக்கலாம், திருத்தலாம். அதான் அதோட விசேஷம். நான் சாப்பாட்டு வேளையில படிப்பேன்."

தலத்தெரு நிறுத்தம் வந்தது. நால்வரும் இறங்கினார்கள். பஸ் தெருமுனை திரும்பும்வரை மாரியம்மாள் நல்ல பிள்ளையாக நின்றாள். பிறகு கூடையை இறக்கி வைத்து, விளிம்பைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். வெறுங்கூடை கையோடு வந்தது. அடியில் இன்னொரு கூடை. அதில் வாழை இலைக்கு மேல் கானாங்கெளுத்தி பளபளத்தது.

மைதீன் வாயைப் பிளந்தான். "அடி ஆத்தா! ரெண்டு கூடையா?"

"ஒரே அளவுல முடையச் சொன்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கச்சிதமா ஒக்காந்துக்கும் தம்பி. கண்டக்டரு பாக்குறது மேல் கூடையைத்தானே? கீழ இருக்கிறதைக் கேக்க அவருக்கு எங்க தோணப் போவுது? பொண்ணுக்கு வேலை போனாலும் வயிறு போவலியே. நான் நாலு வீட்டுக்குக் குடுத்துட்டு வந்துடுறேன்."

அவள் போய்விட்டாள். அமுதம் அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்கென்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

முத்தையன் கம்ப்யூட்டர் நிலையம் ஒரு நீள அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். முத்தையன் ஐம்பது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதி. செல்லத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவளை எதுக்கு அழைச்சிட்டு வந்தீங்க? அவ இருந்தா தேடுறதுக்கு எடைஞ்சல்னு தியாகராசன் சொல்லியிருக்காரு."

"தேடுறவரு அப்படிச் சொன்னாரா? நான் அவளை வாசப்படியிலயே நிறுத்தி வைக்கிறேன். உங்க மெஷினை ஒருதரம் பாக்கலாமா?"

புது மெஷின் ஒரு தனி மேஜையில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. தலைமேல் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு கதம்பம். திரையில் பச்சை எழுத்து மினுக்கியது. மேஜைக்கு முன்னால் தியாகராசன். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. அவன் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. துப்பறியிறவங்களா? இது பூட்டை ஒடச்ச கேஸ் இல்லீங்க. பூதக்கண்ணாடி வேலைக்கு ஆகாது" என்றான்.

"கொண்டாரவும் இல்ல தம்பி. எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடிதான். ஐயா," என்று முத்தையன் பக்கம் திரும்பினாள் அமுதம், "இந்தப் பூவை யாரு வைக்கிறது?"

"நான்தான். தெனம் காலையில எட்டு மணிக்கு நான்தான் வந்து தொறப்பேன். சாம்பிராணி காட்டி, புதுப்பூ வச்சு, அப்புறந்தான் சுவிட்சு போடுவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். ஒன்பது மணிக்குத் தியாகராசன் வந்து மெஷினைக் கட்டிக்குவாரு."

அமுதம் கதம்பத்தைத் தொட்டாள். உதிர்ந்தது. மரிக்கொழுந்து கறுத்திருந்தது. சந்தனம் வெடித்துப் பாளம் பாளமாக நின்றது.

"இது இன்னைக்குப் பூ இல்லியே."

முத்தையன் சங்கடப்பட்டார். "வியாழக்கெழமை வச்சது. அன்னையிலேருந்து மெஷினை அணைக்கவே இல்ல. தியாகராசன்தான், 'தேடிக்கிட்டு இருக்கேன், அணைச்சா போச்சு'ன்னாரு. சுவிட்சே போடாதப்போ பூசை எதுக்குன்னு விட்டுட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"நாலு மணிக்குத் தெனம் கரண்டு போயிடுமே?"

"அதுக்குத்தான் ஜெனரேட்டர். தியாகராசனே வாடகைக்கு எடுத்துட்டு வந்து வச்சிருக்காரு. அவரு கைக்காசு! மூணு நாளா வீட்டுக்குக்கூடப் போவல, இஞ்சேயேதான் படுத்துக்கிறாரு. அந்த விசுவாசம் யாருக்கு வரும்?" இதைச் சொல்லும்போது முத்தையன் வாசலைப் பார்த்துச் சொன்னார். வாசலில் செல்லம் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன ஜெனரேட்டர் இருந்தது. மைதீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூடியைத் திருகிப் பார்த்தான். திரும்பி வந்து அமுதத்தின் காதில் சொன்னான்.

"அக்கா, அடியில ரெண்டு டம்ளர் எண்ணெய்தான் கெடக்கு. அது போவட்டும், எனக்கு ஒண்ணு புரியல. பதிவுல ஒண்ணுமே இல்லேன்னுதானே சொல்றாரு? களவு போன வீட்டுக்கு எதுக்கு மூணு நாளு காவலு?"

அமுதம் அவனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி அவளுக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

"தம்பி," என்றாள் தியாகராசனிடம், "புதன்கெழமை நீங்க வரலியா?"

"அம்பகரத்தூர் எங்க ஊரு. காளியம்மன் திருவிழா. லீவு சொல்லிட்டுத்தான் போனேன்."

"அப்போ அன்னைக்கு ஐயா சுவிட்சு போட்டாரு, இந்தப் பொண்ணு வேலை பாத்துச்சு. அடுத்த நாள் ஒன்பது மணிக்கு நீங்க வந்தீங்க. வந்ததும் மெஷினைக் கட்டிக்குவீங்கன்னாரே ஐயா, அது என்ன வேலை?"

தியாகராசன் விரல்கள் ஒரு விநாடி நின்றன.

"அதெல்லாம் சொன்னா உங்களுக்கு வெளங்காதும்மா."

"வெளங்காதுன்னா சரி."

அமுதம் வாசலுக்குப் போய்ச் செல்லத்திடமிருந்து செராக்ஸ் கட்டை வாங்கினாள். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடியில் வைத்துப் புரட்டினாள். இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறைதான். ஆனால் பதினெட்டு வருஷம் பத்திரம் பார்த்தவளுக்குப் படிக்கத் தெரிவதைவிட எண்ணத் தெரியும். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தைந்து.

"செல்லம், முன்னால பொருளடக்கத்துல முப்பத்தொண்ணாம் பக்கம் என்னன்னு போட்டிருக்கு?"

செல்லம் படித்தாள். "டிஸ்க்கை மரத்துல பொருத்துறதும் கழட்டுறதும்னு போட்டிருக்குங்க. அந்தப் பக்கம் கட்டுல இல்லீங்க. சாரைக் கேட்டேன். மெட்ராஸ்ல செராக்ஸ் எடுத்தப்பவே விட்டுப்போச்சுன்னாரு."

"பொருத்துறதா?" அமுதம் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்படின்னா மெஷினைப் போட்டதும் பெரிய டிஸ்க்கு தானா வந்து கெளையில ஒக்காராதா? யாராச்சும் ஒக்கார வைக்கணுமா?"

செல்லம் விழித்தாள். "அது எனக்குத் தெரியாதுங்க. பதிவுன்னு கெளை எப்பவும் இருக்கும். அதான் டிஸ்க்குன்னுதான் சார் சொன்னாரு."

தெருவில் மாரியம்மாள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மீன் தீர்ந்துவிட்டது. வெறுங்கூடை இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் தட்டி அமுக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தன.

அமுதம் எழுந்தாள். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த காகிதங்கள் எல்லாம் சிதறின.

"மைதீனு! மணி என்ன?"

"மூணு அம்பத்தாறுக்கா."

"அந்த ஜெனரேட்டருக்கு எண்ணெய் யாரு வாங்கிட்டு வருவா?"

"கடைசித் தெருவுல கைருன்னிஸா பீவி கடை. தியாகராசன் இப்பத்தான் என்கிட்ட கேனைக் குடுத்து, 'சும்மாதானே நிக்கிறீங்க, வாங்கிட்டு வாங்க'ன்னாரு. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது பாருங்கக்கா அவருக்கு!"

"ரொம்ப நல்லாத் தெரிஞ்சிருக்கு. கேனோட இஞ்சேயே நில்லு."

நான்கு மணிக்குக் கரண்டு போனது. மின்விசிறி நின்றது. தியாகராசன் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் தடதடத்தது. பச்சை எழுத்து ஒருமுறை நடுங்கிவிட்டு நிலைத்தது.

"எண்ணெய் எங்க?" என்றான் மைதீனைப் பார்த்து.

"கேன்ல இல்லீங்க" என்றான் மைதீன் பணிவாக.

அமுதம் மேஜை ஓரத்தில் கையை ஊன்றினாள். "தம்பி, உள்ள கெடக்கிற எண்ணெய் அஞ்சு நிமிஷம் ஓடும், பத்து நிமிஷம் ஓடும். திடீர்னு நின்னா டிஸ்க்குக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. அதனால நீங்களே மொறையா அணைச்சிடுங்க. கரண்டு வந்ததும் ஐயா பூ வச்சு, சாம்பிராணி காட்டி, சுவிட்சு போடுவாரு. தெனம் காலையில எட்டு மணிக்குப் போடுற மாதிரி. ஒன்பது மணிக்கு நீங்க வந்து செய்யிற அந்த ஒரு வேலையை மட்டும் இன்னைக்குச் செய்யாதீங்க."

"அணைச்சா தேடுனது அத்தனையும் போயிடும்!"

"தேடித்தான் ஒண்ணும் கெடைக்கலியே? போறதுக்கு என்ன இருக்கு?"

தியாகராசன் முத்தையனைப் பார்த்தான். "மொதலாளி, இந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது!"

"தெரியாதுதான்" என்றாள் அமுதம். "தெரியாதவ கேக்குறதுக்கு ஏன் இவ்வளவு வேர்க்குது?"

ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. அதன் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். முத்தையன் விபூதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அணைங்க தியாகராசன்" என்றார்.

அவன் அணைத்தான். ஒவ்வொரு எழுத்தாக, விரலில் ஈரம் ஒட்டியதுபோலத் தட்டி அணைத்தான். பச்சை மறைந்தது.

நாலே முக்காலுக்குக் கரண்டு வந்தது. முத்தையன் நந்தியாவட்டை ஒன்று பறித்து வந்து வைத்தார். சாம்பிராணிப் புகை போட்டார். சுவிட்சைப் போட்டார். திரையில் வரி வரியாக ஏதோ ஓடி நின்றது.

"செல்லம், வா. பதிவுல என்ன இருக்குன்னு கேளு."

செல்லம் வந்து உட்கார்ந்தாள். தியாகராசன் சுவரோரம் நகர்ந்துகொண்டான். அவள் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொறந்து பாரும்மா" என்றார் முத்தையன். அவர் குரல் மாறியிருந்தது.

பதினான்கு பெயர். மேலிருந்து கீழாக, அவள் புதன்கிழமை வைத்த அதே வரிசையில் நின்றன. செல்லம் ஒன்றைத் திறந்தாள். அவள் அடித்த முதல் பதிவேடு, ஊர்ப் பெயரும் வருஷமும் அப்படியே இருந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற மாரியம்மாளும், என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து அழுதாள்.

"எங்கேருந்து வந்துச்சு?" என்றார் முத்தையன்.

"எங்கயும் போவல. மாரியம்மா, அந்தக் கூடையைக் குடுங்க." அமுதம் கீழ்க்கூடையில் தன் கண்ணாடிக் கூட்டைப் போட்டாள். "பதிவுங்கிறது கெளையில ஒரு கூடை. அது எப்பவும் இருக்கு. பெரிய டிஸ்க்குங்கிறது இன்னொரு கூடை. தெனம் ஒன்பது மணிக்குத் தியாகராசன் அதைக் கொண்டாந்து இதுக்குள்ள ஒக்கார வைப்பாரு. அப்புறம் பாக்குறவங்களுக்கு மேல் கூடைதான் தெரியும். புதன்கெழமை அவரு இல்ல, மேல் கூடையும் இல்ல. இந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. கீழ்க்கூடையில மீனை அடுக்கிட்டா. வியாழக்கெழமை அவரு வந்து," அமுதம் மேல் கூடையை வைத்து அமுக்கினாள், "இப்படி வச்சாரு. எட்டிப் பாருங்க. காலி."

முத்தையன் கண்டக்டர் மாதிரியே எட்டிப் பார்த்தார்.

"அப்போ அவரும் தெரியாமத்தான்..."

"வைக்கிறப்போ தெரியாம வச்சிருக்கலாம். கத்துனப்போகூடத் தெரியாம இருக்கலாம். ஆனா அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டாரு. இல்லேன்னா கைக்காசு போட்டு ஜெனரேட்டர் எதுக்கு? ராவுல காவல் எதுக்கு? மெஷின் ஒருதரம் அணைஞ்சா, மறுநாள் எட்டு மணிக்கு நீங்க பூ வச்சு சுவிட்சு போடுவீங்க. பதினாலும் உங்க கண்ணுல பட்டுடும். இந்தப் பொண்ணு ஸ்டேஷனுக்குப் போற வரைக்கும் அது படக் கூடாது. போனப்புறம் ஞாயித்துக்கெழமை இவரே 'கண்டுபிடிச்சு'க் குடுப்பாரு. நீங்க அவருக்கு மாலை போடுவீங்க. உங்க வாடின பூதான் ஐயா சொல்லிக் குடுத்துச்சு."

எல்லோரும் தியாகராசனைப் பார்த்தார்கள். அவன் மறுப்பான் என்று மைதீன் எதிர்பார்த்தான். அவன் மறுக்கவில்லை. சட்டைக் கைமடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான்.

"மெட்ராஸ்ல ஒண்டுக் குடித்தனத்துல கெடந்து ஒன்றரை வருஷம் அந்தப் பொஸ்தகத்தை வரி வரியாப் படிச்சேன். காரைக்கால்லயே அது தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். 'சி டிரைவ் எங்க சார்'னு கேட்டவ இவ. சாப்பாட்டு வேளையில படிச்சா, சாப்பாட்டு வேளையில! ரெண்டே மாசத்துல வந்து, 'சார், இந்த வரி தப்பா இருக்கு போலிருக்கே'ன்னா. பாத்தேன். தப்புத்தான். நான் நூறுதரம் படிச்ச வரி." அவன் கைமடிப்பை விட்டுவிட்டான். "மறுநாள் மொதலாளி, 'இனிமே செல்லத்துகிட்டயும் கேட்டுக்கங்க'ன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

கண்ணுகளா, திருட்டைப் பிடித்துவிடலாம். இந்தச் சோறு இறங்காத வியாதியைப் பிடிப்பதுதான் கஷ்டம். அது உள்ளே இருக்கும்போதே மேலே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடும்.

"எடுங்க போனை. போலீசுக்கு நான் எழுதி வச்ச காகிதத்துல பேரை மட்டும் மாத்துனா போதும்" என்றார் முத்தையன். அவமானத்தில் அவருக்குக் கோபம் இரட்டிப்பாகியிருந்தது. "செல்லம், நீ சொல்லும்மா. இவரை என்ன பண்ணலாம்? ஒங்கிட்ட நான் தலை நிமிந்து பேசக்கூட முடியல."

செல்லம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியோடு திரும்பித் தியாகராசனைப் பார்த்தாள்.

"சார், அந்த நாலு பக்கம் எங்க?"

அவன் மேஜை இழுப்பறையை ஒருமுறை பார்த்தான்.

"முப்பத்தொண்ணுலேருந்து முப்பத்துநாலு. அதைக் குடுங்க."

அவன் இழுப்பறையைத் திறந்தான். எட்டாக மடித்து அடியில் வைத்திருந்தான். செல்லம் பிரித்தாள். ஓரமெல்லாம் அவன் பென்சில் குறிப்பு. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அதை அவள் எல்லோருக்கும் புரியும்படி நிதானமாகத் தமிழில் படித்தாள்.

"அந்த இடத்துல முன்னாடியே இருந்தது அழியாது. மேல பொருத்துனதைக் கழட்டுற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாம இருக்கும்."

சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"போலீசு வேணாங்க மொதலாளி" என்றாள் செல்லம். "இவரு இருக்கட்டும். இதுல இன்னும் எனக்குத் தெரியாதது நெறைய இருக்கு, அதுக்கு ஆளு வேணும். ஆனா ஒண்ணு. நாளையிலேருந்து காலையில டிஸ்க்கைப் பொருத்துறது நான். இந்த நாலு பக்கமும் இந்தச் செவுத்துல இருக்கும். வர்றவங்க போறவங்க யாரு வேணாலும் படிக்கட்டும்."

அவளே எழுந்து குண்டூசி தேடிச் சுவரில் குத்தினாள். பிறகு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். பதினான்கையும் முதலில் வேறொரு கிளைக்கு மாற்றினாள். பெரிய டிஸ்க்கைத் தன் கையால் பொருத்தக் கட்டளையைத் தட்டினாள். ஓர் இடத்தில் எழுத்துத் தவறிவிட்டது. சுவரோரம் நின்ற தியாகராசனின் உதடு அசைந்தது. சரியானது அவன் நாக்கு நுனிக்கு வந்து, அங்கேயே நின்றது. செல்லம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், தானே திருத்திக்கொண்டாள். டிஸ்க் பொருந்தியது.

"பாத்தியா மைதீனு," என்றாள் அமுதம் மெல்ல, "அவருக்கு இன்னும் எரியுது."

அமுதம் திரும்பினாள். காலி மண்ணெண்ணெய்க் கேனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் சுவரில் குத்திய காகிதத்தின் முன்னால் நின்றிருந்தான். முதல் வரியில் விரல் வைத்திருந்தான். காது சிவந்திருந்தது.

"தங்கச்சி," என்றான் செல்லத்தைப் பார்க்காமலே, "அந்தக் கட்டை எனக்கு ஒரு செராக்ஸ் எடுக்கக் குடுப்பியா? முப்பத்தொண்ணாம் பக்கம் அப்புறம் இருக்கட்டும். நான் ஒண்ணாம் பக்கத்துலேருந்து வர்றேன்."